பழமொழிக்குப் பட்டாடை



இந்த மாதம் ஒரு விளையாட்டோடு தொடங்குவோம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால் தீயைக் கொஞ்சம் தணித்துவிட்டு வாருங்கள். கீழே உள்ள வசனத்தை ஆறுதலாக ஒருமுறை வாசியுங்கள்.

"சமைக்கும் நோக்குடன் அடுப்பின்மீது ஏற்றப்படும் களிமண் பாத்திரத்தினுள் உணவுப்பொருள் கையிருப்பில் உள்ள பட்சத்தில் மாத்திரமே, நீண்ட கைப்பிடி பொருத்தப்பட்ட பரிமாறும் உபகரணத்தின் வழியாக அது வெளிவருவது சாத்தியமாகும்."

என்ன, கச்சேரியிலிருந்து வந்த கடிதம் போல இருக்கிறதா? பயப்பட வேண்டாம். உங்கள் உம்மம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் இது. "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!" நாலே நாலு சொல். அதற்குப் பட்டாடை உடுத்தி, நகை பூட்டி, முகத்தையும் மூடி உங்கள் முன்னால் நிறுத்தினேன். அவ்வளவுதான்.

இதுதான் ஆட்டம். எல்லோருக்கும் தெரிந்த பழமொழியை யாருக்கும் விளங்காத நடையில் சொல்ல வேண்டும். கேட்பவர் அந்தப் போர்வையை விலக்கி உள்ளே இருக்கும் முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலீசுக்காரர்களிடமும் இந்த விளையாட்டு உண்டு. உருளும் கல்லில் பாசி படியாது என்பது அவர்களுடைய பழமொழி. அதையே இலத்தீன், கிரேக்கப் பெருஞ்சொற்களாகப் பொறுக்கிக் கோத்து, பேராசிரியர் பேசுவது போலச் சொல்லிச் சிரிப்பார்கள். நமக்கு அதைவிட வசதி. செந்தமிழ் இருக்கிறது, வடசொல் இருக்கிறது, கச்சேரித் தமிழும் இருக்கிறது!

ஆட்டத்துக்கு விதிகள் மூன்றே மூன்றுதான்.

முதலாவது: பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது, அதன் வேலையையோ தோற்றத்தையோ சொல்ல வேண்டும். 'காகம்' என்று சொல்லாமல் 'கருநிறப் பறவை' என்று சொல்லுங்கள்.

இரண்டாவது: சின்ன வினைச்சொல்லை இழுத்து நீட்ட வேண்டும். 'சாகாது' என்பது 'ஆயுள் முடிவுக்கு வந்துவிடமாட்டாது' என்று ஆகிவிடும்.

மூன்றாவது: பழமொழியின் வரிசையை மாற்றக்கூடாது, பொருளையும் கூட்டிக் குறைக்கக்கூடாது. அப்படிச் செய்தால் அது விளையாட்டல்ல, ஏமாற்று.

இப்போது 'காகம் திட்டி மாடு சாகாது' என்பதை நீங்களே உடுத்திப் பாருங்கள். "கருநிறப் பறவையொன்று சாபமொழிகளைச் சொரிவதனால் மாத்திரம், பால்தரும் கால்நடையின் ஆயுள் முடிவுக்கு வந்துவிடமாட்டாது." சரிதானே?

புதிய விளையாட்டா இது?

இல்லை. தமிழில் இதன் வேர் மிகவும் பழையது. தொல்காப்பியர் செய்யுள் வகைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'பிசி' என்று ஒன்றைச் சொல்கிறார், 'முதுமொழி' என்று இன்னொன்றைச் சொல்கிறார். பிசி என்பது விடுகதை. முதுமொழி என்பது பழமொழி. ஒன்று பொருளை மறைத்துச் சொல்வது, மற்றது பொருளைச் சுருக்கிச் சொல்வது. நம்முடைய இந்த ஆட்டம் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. பழமொழியையே விடுகதையாக்கிவிடுகிறோம்.

மூன்றுறை அரையனார் என்ற புலவர் ஒரு பழமொழியை எடுத்து ஒரு வெண்பாவுக்குள் வைத்தார். இப்படி 400 பாட்டுகள். அதனால் அந்த நூலுக்குப் பழமொழி நானூறு என்றே பெயர் வந்தது. அவர் பழமொழிக்கு அழகான வீடு கட்டிக் கொடுத்தார். நாம் சும்மா வேடிக்கைக்கு வேஷம் கட்டுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நமது நாட்டிலும் பழமொழிகளைச் சேர்த்து வைத்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்த பீற்றர் பேர்சிவல் என்ற பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். 1874இல் வந்த அதன் விரிவான பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. அத்தனையும் பேசுகிற மக்களின் வாயிலே பிறந்தவை. வயலிலும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் இருந்துதான் அவை புத்தகத்துக்கு வந்தன.

வன்னிக் களத்திலே ஒரு மறைமொழி

பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வது வன்னி மண்ணுக்குப் பழக்கமான ஒன்று. இன்றைக்கு மெசின் வந்து ஒரே நாளில் அறுத்துத் தூற்றி மூட்டையாகத் தந்துவிடுகிறது. முன்பு அப்படியல்ல. கதிரை அறுத்துக் கட்டிச் சூடாக வைப்பார்கள். பிறகு களத்திலே பரப்பி, எருமைகளை வட்டமாக நடத்திச் சூடு மிதிப்பார்கள். அந்தக் களத்துக்குள் கால் வைத்துவிட்டால் பேச்சே மாறிவிடும். வழக்கமான பெயர்களை விட்டுவிட்டு அதற்கென்று தனிச் சொற்களைத்தான் பேசுவார்கள். குவிந்து கிடக்கும் நெல்லுக்கு அங்கே பெயர் 'பொலி'. அளந்து எண்ணும்போதும் 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவது தமிழ் ஊர்களில் பலருக்கும் தெரிந்த வழக்கம்.

வன்னியிலே பணிபுரிந்த ஆங்கில அதிகாரி ஜே. பி. லூயிஸ் இந்தக் களத்து மொழியைக் கேட்டு வியந்து, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை வெளியிட்டவரும் அவர்தான்.

ஏன் அப்படி மறைத்துப் பேசினார்கள்? பெயரைச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று கேட்டுக்கொண்டிருந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம்தான். ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ் என்று நம்புகிற நமக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். ஆறு மாதம் பாடுபட்ட நெல்லை அந்த மனிதர்கள் எவ்வளவு பெரிதாக மதித்திருந்தால், அதன் பெயரைக்கூடச் சும்மா வாயில் போட்டு மெல்லாமல் இருந்திருப்பார்கள்!

நாமும் குறைந்தவர்களா என்ன? புருஷனின் பெயரைச் சொல்லாமல் 'பிள்ளையின் வாப்பா' என்று ஆயுள் முழுக்கச் சமாளித்த மூத்த பெண்கள் எத்தனை பேர்! சுற்றி வளைத்துப் பேசுவதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கொண்டுவந்த சொத்து

இனிச் சொல்லப் போவது விளையாட்டல்ல.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற முல்லைத்தீவு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களும் அதில் அடக்கம். வீடு, வயல், மாடு, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். யுத்தம் 2009இல் முடிந்த பிறகுதான் பெரும்பாலோருக்குத் திரும்பிப் போவதைப் பற்றி நினைக்க முடிந்தது. அந்த யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 2008, 2009ஆம் ஆண்டுகளில், வன்னியின் தமிழ்க் குடும்பங்களும் உரலும் ஆட்டுக்கல்லும் மாடும் கன்றும் விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதையும் நாம் மறக்கக்கூடாது.

சோதனைச் சாவடியில் எவரும் தேடிப் பார்க்காத ஒரு சொத்து அந்தப் பெண்களின் வாயிலே வந்தது. அதுதான் பேச்சு. அதற்குள்ளே பழமொழி. "குளத்தோடு கோபித்துக்கொண்டு..." என்று தொடங்கும்போது அந்த உம்மம்மாவின் கண்ணுக்குள்ளே ஒரு குளம் இருந்தது. முத்தையன்கட்டோ, வவுனிக்குளமோ, பாவற்குளமோ, பெயர் தெரியாத ஒரு சின்ன ஊர்க்குளமோ. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி உப்பளமும் தென்னந்தோட்டமும் களப்பும் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு அது வெறும் சொல்.

ஊருக்குத் திரும்பிய வீடுகளிலும் இதே கதைதான். உரல் என்றால் என்ன, உலக்கை என்றால் என்ன, சூடு என்றால் ஏன் நெல்லைச் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மிளகாய்த்தூள் பையில் வருகிறது, மா மில்லில் அரைபட்டு வருகிறது. பொருள் போனால் அதைச் சுமந்த பழமொழியும் மெல்ல மெல்லப் போய்விடும். பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி 'இந்தா, பழமொழி படி' என்றால் அது எழுந்து ஓடிவிடும். ஆட்டமாகக் கொடுத்தால் விடாது. விடை கண்டுபிடிக்க வேண்டுமானால் உரல் எப்படி இருக்கும் என்று அதுவே கேட்டுத்தான் ஆக வேண்டும். உம்மம்மா மூலையில் கவிழ்ந்து கிடக்கும் உரலைக் காட்டித்தான் ஆக வேண்டும்!

சரி, இப்போது ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். விடைகள் கடைசியில் இருக்கின்றன. முதலில் அங்கே போய்விடாதீர்கள்!

வயலும் வெளியும்

1. "நீர்ப்பாசனத்தின் பொருட்டு அணைகட்டித் தேக்கப்பட்ட நீர்நிலையின்மீது தனிப்பட்ட மனத்தாங்கல் கொண்ட ஆடவர் ஒருவர், தமது பாதங்களைத் தூய்மை செய்யாமலேயே அவ்விடத்தை விட்டு அகன்றதாகத் தெரிவிக்கப்படுகிறது."

2. "எதிர்காலத்தில் நற்பலன் நல்கவிருக்கும் தாவரமானது, வித்திலிருந்து வெளிப்படும் ஆரம்பக் கட்டத்திலேயே தனது தகைமையைப் புலப்படுத்திவிடும்."

3. "பக்கவாட்டில் பரப்பளவை விரிவுபடுத்தி நிலத்தைக் கிளறுவதைக் காட்டிலும், கீழ்நோக்கிய திசையில் ஏரின் முனையைச் செலுத்துவதே விரும்பத்தக்கது."

4. "துதிக்கையுடைய பெருவிலங்கின் வருகை பிற்பட்ட நேரத்தில் நிகழும். அதன் அணிகலனில் பொருத்தப்பட்ட உலோகக் கருவியின் ஒலியோ முற்பட்ட நேரத்திலேயே செவியை எட்டும்."

5. "கள்ளிறக்கப்படும் உயர்ந்த மரத்தின் அடிவாரத்தில் நின்று பசுவினத்தின் வெண்ணிறத் திரவத்தை அருந்தினாலும், காண்போர் அதனை மயக்கந்தரும் பானமென்றே அறிக்கையிடுவர்."

வீடும் முற்றமும்

6. "தானியத்தை இடிப்பதற்கெனக் குடையப்பட்ட சாதனத்தினுள் தமது சிரசைத் தாமாகவே நுழைத்துக்கொண்ட ஒருவர், அதன் துணைச் சாதனமாகிய நெடுந்தடியின் தாக்குதலைக் கண்டு அஞ்சுதல் பொருந்துமா?"

7. "நடனக் கலையில் தேர்ச்சி பெறாத பெண்மணியொருவர், தமது தடுமாற்றத்துக்குக் காரணம் இல்லத்தின் முன்புற வெளியின் சமச்சீரற்ற அமைப்பே எனக் குற்றஞ்சாட்டினார்."

8. "கணவனை ஈன்றவரின் கைதவறி உடைந்த நீர்க்கலம் சாதாரண நிலக்கூறினால் ஆனதென்றும், மகனை மணந்தவளின் கைதவறி உடைந்த நீர்க்கலம் விலைமதிப்புமிக்க மஞ்சள்நிற உலோகத்தால் ஆனதென்றும் மதிப்பீடு செய்யப்படும்."

9. "மிகச் சிறிய ஆறுகால் உயிரினம் ஒரே தடத்தில் இடையறாது நகர்ந்து செல்லுமாயின், கடினத்தன்மை வாய்ந்த பாறைப்பொருளும் காலப்போக்கில் தேய்மானமடையும்."

10. "தீப்பற்றிச் சாம்பலாகிக்கொண்டிருக்கும் குடியிருப்பிலிருந்து கைக்கு அகப்பட்டதைக் கழற்றி எடுத்துக்கொள்வது ஆதாயக் கணக்கில் சேர்க்கப்படும்."

எட்டுக்கு மேல் சரியாகச் சொன்னவர்கள் வீட்டுக்கு ஒரு ஆசிரியை. ஐந்துக்குக் குறைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம், பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆடை உடுத்தினால் அளவு தெரியும்

இந்த ஆட்டத்தை நாலு நாள் ஆடினால் ஒரு விஷயம் விளங்கும். பழமொழி ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது? அது சின்னது. எதுகை மோனை சேர்ந்தது. வாயில் வைத்தவுடனே வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். இந்த வேகமே அதன் பலம். அதுவே அதன் ஆபத்தும்கூட.

நீட்டிச் சொல்லும்போது அந்த வேகம் நின்றுவிடுகிறது. சந்தம் போய்விடுகிறது. சொன்னது என்ன என்பது மட்டும் மிஞ்சுகிறது. அப்போது சில பழமொழிகள் இன்னும் அழகாக நிற்கின்றன. எறும்பின் கதையைப் பாருங்கள். எவ்வளவு நீட்டினாலும் அது உண்மைதான். சட்டியும் அகப்பையும் அப்படித்தான். வேறு சிலவோ ஆடை உடுத்தியவுடனே கோணல் வெளியே தெரிந்துவிடுகிறது.

ஒரு உதாரணம். "மனித இனத்தின் செம்பாதியாகிய மகளிர்க்கு, காரியம் முடிந்தேறிய பின்னரே சிந்தனை தொழிற்படத் தொடங்கும்." என்னவென்று கண்டுபிடித்துவிட்டீர்களா? "பெண்புத்தி பின்புத்தி!" இரண்டே சொல்லாக, சந்தத்தோடு வரும்போது எத்தனை சபையில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள்! நாமே சிரித்திருப்போம். ஆனால் இந்த நீட்டிய வசனத்தை ஒரு கடதாசியில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்று கேளுங்கள். எந்த வாப்பா போடுவார்? தன்னைப் பெற்ற தாயையும் தான் பெற்ற மகளையும் நினைத்தால் கை வருமா? பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறிகிற புத்தி என்று அதற்கு நல்ல பொருள் சொல்பவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் வீட்டிலே ஒரு பெண் வாய் திறந்தவுடன் அதை எடுத்து வீசுகிறவர் அந்தப் பொருளிலா வீசுகிறார்?

ஓலைக் குடிசையிலே பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்கு வழி தேடிய பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நாளைக்கு என்ன என்று முதலில் யோசிக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று பாருங்கள். "உடலின்மீது தடியினால் நோவு உண்டாக்கப்படாத கால்நடை, ஏவிய வேலைக்கு இணங்கி வராது." இது "அடியாத மாடு படியாது." பிள்ளையை அடித்துவிட்டு நாம் தேடுகிற சமாதானம் இதுதான். நீட்டிச் சொல்லும்போதுதான் 'கால்நடை' என்ற சொல் காதில் விழுகிறது. பழமொழி மாட்டைப் பற்றித்தானே பேசுகிறது! நம்முடைய பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உடல் தண்டனை கூடாதென்று இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. வீட்டுக்கு யார் சுற்றறிக்கை விடுவது? உம்மாமார்தான் விட வேண்டும்.

ஆனால் பழமொழியெல்லாம் நமக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். எட்டாவது கேள்வியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அதை முதன்முதலில் சொன்னவள் யாரோ ஒரு மருமகளாகத்தான் இருக்க வேண்டும்! வீட்டுக்குள்ளே இரண்டு தராசு இருப்பதைச் சட்டம் தெரியாத ஒருத்தி ஒரே வரியில் பிடித்துவிட்டாள். நீட்டினாலும் சுருக்கினாலும் அந்த உண்மை ஆடாது அசையாது. இப்படிப்பட்டவற்றைத்தான் பேத்திக்குக் கொடுக்க வேண்டும்.

மூத்தவர்கள் விட்டுச் சென்றவை எல்லாம் நெல்லல்ல, பதரும் கலந்திருக்கிறது. காற்றிலே தூற்றினால் நெல் விழும், பதர் பறக்கும். இந்த விளையாட்டும் ஒரு தூற்றல்தான். இழந்த ஊரிலிருந்து வாயிலே கொண்டுவந்தது என்பதற்காகப் பதரையும் மூட்டையில் கட்ட வேண்டியதில்லை. பதர் இருக்கிறது என்பதற்காக மூட்டையையே எறிந்துவிடவும் கூடாது.

வீட்டிலே எப்படி ஆடுவது?

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ, வாப்பும்மாவோ, உம்மம்மாவோ, பெரிய மாமியோ, அவரிடம் நாளைக்கு ஒரு பழமொழி கேட்டு எழுதுங்கள். பழமொழியோடு நிற்காதீர்கள். எப்போது சொல்வார்கள், யாருக்குச் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். அதில் வருகிற பொருளின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். அலைகரை, வான், வரம்பு, துலா, கடகம், சுளகு என்று பத்து நாளில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கம் உங்கள் ஊரின் படம் மாதிரி.

பிறகு இரவுச் சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு ஆட்டம். பெரிய பிள்ளைகள் பழமொழிக்கு ஆடை உடுத்தட்டும். சின்னவர்கள் கண்டுபிடிக்கட்டும். மூத்தவர் நடுவராக இருக்கட்டும். செந்தமிழ்ச் சொல் தேடுவதற்காகப் பிள்ளைகள் அகராதியைப் புரட்டுவார்கள். பொருள் தெரிவதற்காக மூத்தவரைப் புரட்டுவார்கள்! பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இதில் நட்டமில்லை. ஒரே பொருளைப் பல சொல்லால் சொல்லப் பழகுவது கட்டுரைக்கு உதவும். அதோடு, நாலு சொல்லில் சொல்லக்கூடியதை நாற்பது சொல்லில் சொன்னால் எவ்வளவு சிரிப்பாக இருக்கும் என்பதும் விளங்கும். அது விளங்கிய பிள்ளை சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைச் சாட்டாக வைத்து ஒருவருக்கொருவர் குத்திக் காட்டக்கூடாது. மருமகள் தேநீர்க் கோப்பையை உடைத்த அன்று மாமி எட்டாவது கேள்வியைப் படிக்கலாம். மருமகள் படிக்க வேண்டாம்!

விடைகள்

1. குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம். நட்டம் குளத்துக்கா, அவனுக்கா? அயலவரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நமக்கே கெடுதி தேடும்போது சொல்வது.

2. விளையும் பயிர் முளையிலே தெரியும். நல்ல பிள்ளையைப் பார்த்துச் சொல்லுங்கள். மெதுவாக முளைக்கிற பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். பிந்தி முளைத்து நன்றாக விளைந்த பயிரும் உண்டு.

3. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல். பத்து வேலையைத் தொட்டுவிட்டு ஒன்றையும் முடிக்காதவர்களுக்கு.

4. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. வன்னிக் காட்டு யானை மணி கட்டிக்கொண்டு வருவதில்லை. வேலி முறிந்த பிறகுதான் வந்தது தெரியும்! பழமொழி சொல்வது வளர்த்த யானையைப் பற்றி.

5. பனைமரத்துக்குக் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றே சொல்வார்கள். நிற்கிற இடத்தைப் பார்த்து நில் என்று இளையவர்களுக்கு ஒரு புத்தி. கண்டதை வைத்துக் கதை கட்டாதே என்று நமக்கும் ஒரு புத்தி.

6. உரலுக்குள்ளே தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா? பொறுப்பை ஏற்ற பிறகு அதன் சிரமத்துக்கு அஞ்சக்கூடாது.

7. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். கறி கரித்துப் போனதற்கு அடுப்பைக் குறை சொல்கிற நாளில் நினைத்துக்கொள்ளுங்கள்.

8. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். விளக்கம் தேவையில்லை!

9. எறும்பு ஊரக் கல்லும் தேயும். தையல் மெசினோடும் சீட்டுக்காசோடும் குடும்பத்தை நிமிர்த்திய பெண்களுக்கு இது பழமொழியல்ல, வாழ்க்கை.

10. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். இதைத் தூற்றுகிற சுளகில் நீங்களே போட்டுப் பாருங்கள். இது எடுக்கச் சொல்கிறதா, எடுப்பவனைக் காறித் துப்புகிறதா? சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது. விட்டுவிட்டு வந்த வீட்டின் கதவும் யன்னலும் கூரைத்தகடும் போன கதை தெரிந்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார்கள்.

கடைசியாக இன்னுமொன்று. இதற்கு விடை அச்சிடவில்லை. ஊரை விட்டு வந்தவர்களும், திரும்பிப் போய் ஒரு மரத்தின் கீழே பாய் விரித்து உட்கார்ந்தவர்களும் உடனே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

"சூரியக் கதிர்கள் மறைக்கப்பட்ட இடத்தின் பெறுமதியானது, அக்கதிர்கள் தடையின்றி விழும் இடத்திலேயே பூரணமாக உணரப்படும்."

விடையோடு, உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேட்டறிந்த ஒரு பழமொழியையும் பட்டாடை உடுத்தி எழுதி அனுப்புங்கள். எந்த ஊர்ப் பழமொழி, யார் வாயில் கேட்டது என்பதையும் எழுத மறக்க வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.